சுவருக்குத் திரும்பி வந்தவர்கள்!

"அலபாமாவில் பார்க்க என்னடா இருக்கு?" என்று மச்சினனிடம் வாயைக் கொடுத்தது தப்பு. சனிக்கிழமை காலை காரில் அள்ளிப்போட்டுக்கொண்டு போய் பர்மிங்ஹாம் நகரில் இறக்கிவிட்டான். (இங்கிலாந்து பர்மிங்ஹாம் இல்லை சார், இது அமெரிக்காவின் தெற்குப் பக்கம்.)

அலபாமா ஸ்போர்ட்ஸ் ஹால் ஆஃப் ஃபேம். அந்த மாநிலத்தில் பிறந்தவர்கள், ஆடிப் பேர் வாங்கியவர்கள் எல்லாருக்கும் ஒரே மண்டபம். எங்கே திரும்பினாலும் ஃபுட்பால். பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவதற்கு ஏன் அந்தப் பேர் என்று கேட்டுவிடாதீர்கள், உதை விழும். பேர் பிரையன்ட் என்கிற கோச்தான் இங்கே குலதெய்வம். அலபாமா பல்கலைக்கழகத்துக்கு ஆறு தேசியப் பட்டம் வாங்கிக் கொடுத்தவர்.

நான் தேடியது ஜெஸ்ஸி ஓவன்ஸை. ஹிட்லர் நடத்திய 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் நாலு தங்கம்! ஓக்வில் கிராமத்தில் வாரத்துக்கு உழுத ஏழையின் பத்தாவது பிள்ளை. ஒன்பது வயசில் குடும்பமே வடக்கே கிளீவ்லாந்துக்கு மூட்டை கட்டிவிட்டது. குத்துச்சண்டை ஜோ லூயிஸ், 1937 முதல் 1949 வரை உலக ஹெவிவெயிட் சாம்பியன். அவர் டெட்ராய்ட்டுக்குப் போய் வளர்ந்தவர். பேஸ்பாலில் 755 ஹோம் ரன் அடித்த ஹாங்க் ஆரன், மொபீல்காரர். புகழ் வந்தது வெளியூரில்.

"ஏன்டா எல்லாரும் ஊரை விட்டே போயிருக்காங்க?"

"இருந்தா சேர்ந்து ஆட விட்டிருப்பாங்களா அத்தான்?"

நிஜம்தான். இதே பர்மிங்ஹாமில் கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து சீட்டாடக்கூட சட்டப்படி தடை இருந்தது. தாயக்கட்டைக்கும் தடை. 1950ல் பேஸ்பால், ஃபுட்பாலையும் அந்தப் பட்டியலில் சேர்த்தார்கள். லஞ்ச் அவரில் ரம்மி போடும் ஆபீஸ் நண்பர்கள் ஒரு நிமிஷம் யோசித்துப் பார்க்கவும்!

1969ல் இந்த மண்டபத்துக்கு முதன்முதலாகத் தேர்வானவர்களில் ஜோ லூயிஸும் உண்டு, பிரையன்ட்டும் உண்டு. ஆனால் பிரையன்ட்டின் டீமுக்கு ஸ்காலர்ஷிப்போடு முதல் கறுப்பின வீரர் வந்து சேர்ந்தது 1970ல்தான். சுவரில் இடம் கொடுத்த பிறகுதான் மைதானத்தில் கொடுத்திருக்கிறார்கள்.

கிளம்பும்போது மறுபடி ஓவன்ஸ் முன்னால் போய் நின்றேன். அவருக்குப் பெற்றோர் வைத்த பேர் ஜேம்ஸ் கிளீவ்லாந்து, சுருக்கமாக ஜே.சி. புது ஊர்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் பேர் கேட்க, பையன் தெற்கத்தி இழுவையில் "ஜே.சி." என்றிருக்கிறான். அது அவர் காதில் "ஜெஸ்ஸி" என்று விழுந்து, அதுவே நிலைத்துவிட்டது. ஆக, அலபாமா இன்று பெருமையாக மாட்டி வைத்திருக்கும் பேர்கூட கிளீவ்லாந்து கொடுத்தது.

இதை மச்சினனிடம் சொல்லலாம் என்று திரும்பினால் ஆளைக் காணோம். பார்க்கிங்குக்குக் காசு போட ஓடிவிட்டான்.