பெர்லினில் பேறுகாலம் பார்க்கப் போகிறீர்களா?

மகளின் பிரசவத்துக்காக ஜெர்மனியின் தலைநகரான பெர்லினில் இரண்டரை மாதம் இருந்துவிட்டு வந்தேன். பச்சைக் குழந்தை உள்ள வீட்டுக்கு அங்கே எது அவசியம் என்று பார்த்ததைச் சொல்கிறேன்.

முதலில் சனிக்கிழமையைக் கவனியுங்கள்! ஞாயிறன்று கடைகள் மூடிக் கிடக்கும். பால், ரொட்டி, டயப்பர் எல்லாம் முதல்நாளே வாங்கி வெச்சுடணும். தவறினால் மத்திய ரயில் நிலையத்துக் கடைகள்தான் கதி.

மருந்து இன்னும் முக்கியம். ஜுர மாத்திரைகூட மளிகைக் கடையில் கிடைக்காது. 'அப்போத்தேக்கே' என்கிற மருந்துக்கடையில்தான் வாங்கணும். குழந்தைக்கு ஜுரம் கிழமை பார்த்தா வரும்? இரவிலும் ஞாயிறிலும் முறைவைத்து ஏதாவது ஒரு மருந்துக்கடை திறந்திருக்கும். எது என்பதை மூடிய கடையின் வாசலிலேயே எழுதி வைத்திருப்பார்கள். டாக்டர் விடுமுறையில் இருக்கும் நேரத்துக்கு 116117, உயிருக்கு ஆபத்து என்றால் 112. இந்த இரண்டு எண்களும் ஃப்ரிஜ் கதவில் இருக்கட்டும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது, 'ஹெபாமே' என்னும் மருத்துவச்சி. பிரசவமானதும் வீட்டுக்கே வந்து குழந்தையின் தொப்புள், எடை, தாயின் பால் எல்லாம் பார்க்கிறார். அரசாங்கத் திட்டத்து இன்ஷூரன்ஸ் இருந்தால் செலவை அதுவே ஏற்கும். ஆனால் ஆள் கிடைப்பது கஷ்டம். கர்ப்பம் உறுதியானதுமே சொல்லி வைக்கச் சொல்லுங்கள்.

ரயில், பஸ்ஸில் ஆறு வயது நிரம்பாத குழந்தைக்கு டிக்கெட் வேண்டாம். உங்கள் காகித டிக்கெட்டை மட்டும் அங்குள்ள சின்ன இயந்திரத்தில் முத்திரை குத்திக்கொள்ளுங்கள். குத்தாவிட்டால் 60 யூரோ அபராதம்!

குழாய்த் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம். பாட்டில் வாங்கினால் தூக்கிப் போடாதீர்கள். பிளாஸ்டிக் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 25 சென்ட் கையில்!