விருந்தாளிக்கு ஒரு தேத்தண்ணி

எங்கள் மன்னார்ப் பக்கத்தில் வீட்டுக்கு வந்தவரிடம் "என்ன குடிக்கிறீங்க?" என்று கேட்பதில்லை. "இருங்க, தேத்தண்ணி ஊத்துறன்" என்றுதான் சொல்வோம். பால் இல்லாத வீடு உண்டு, தேத்தண்ணி இல்லாத வீடு இல்லை. விருந்தாளியைக் கண்ணியப்படுத்துவதை ஈமானோடு சேர்த்துச் சொல்லித் தந்தார்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். எளிய வீடுகளில் அந்தக் கண்ணியம் பெரும்பாலும் ஒரு கோப்பைத் தேத்தண்ணியாகத்தான் வெளிப்படுகிறது. ஆகவே அதை ஏனோதானோ என்று ஊற்றிக் கொடுக்கலாகாது.

முதலில் தேயிலையைப் பார்த்து வாங்க வேண்டும். மிகப் பொடியான தூளில் சாயம் சீக்கிரம் இறங்கும். சற்றுப் பருமனான தூளில் மெல்ல இறங்கும், சுவையும் மென்மையாக இருக்கும். கலப்படம் என்று சந்தேகம் வந்தால் ஒரு சிட்டிகைத் தூளைப் பச்சைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். நல்ல தேயிலை உடனே நிறம் விடாது. சாயம் ஏற்றிய தூள் போட்டதுமே நிறம் விட்டுவிடும். கடற்காற்றில் ஈரம் அதிகம் என்பதால் தூளை இறுக மூடும் பேணியில், மசாலாச் சாமான்களுக்குத் தள்ளி வையுங்கள்.

அடுத்தது தண்ணீர். உப்பும் சுண்ணாம்பும் கூடிய கிணற்றுத் தண்ணீரில் தேத்தண்ணி கறுத்து, மேலே ஏடு படியும். நல்ல தண்ணீரைக் கொதிக்க வைத்துத் தூளில் ஊற்றி, மூன்று நான்கு நிமிடம் மூடி வைத்து வடித்தால் போதும். தூளைப் போட்டு அடுப்பில் கொதிக்க விட்டால் கசந்து போகும். சோறு உண்ட கையோடு தேத்தண்ணி குடிப்பதையும் தவிர்த்துக் கொள்ளுங்கள். உணவிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வதை அது குறைக்கிறது. இரத்தச்சோகை உள்ள பெண்களும் கர்ப்பிணிகளும் ஒரு மணி நேரமாவது பொறுப்பது நல்லது.

கொழும்பில் வேலை செய்யும் என் மகள் சென்ற பெருநாளைக்கு ஜப்பானியர்களின் மச்சா தூளைக் கொண்டு வந்தாள். அதுவும் நம் தேயிலைச் செடிதான். பறிப்பதற்குச் சில வாரங்களுக்கு முன்பே செடிக்கு நிழல் கட்டி, கொழுந்தை ஆவியில் அவித்து உலர்த்தி, நரம்பு நீக்கிக் கல்லில் அரைக்கிறார்கள். தூள் பளிச்சென்ற பச்சையாக இருந்தால் நல்லது, மஞ்சளித்திருந்தால் பழையது. கொதித்து ஆறிய, ஏறக்குறைய 80 பாகை வெப்பமுள்ள தண்ணீரை ஊற்றி, மூங்கில் துடைப்பத்தால் நுரை வரக் கலக்க வேண்டும். வடிப்பது இல்லை, இலையையே குடிக்கிறோம். விருந்தாளி முன் அமைதியாக அமர்ந்து அதைக் கலக்கிக் கொடுப்பதை ஜப்பானியர் ஒரு பெரிய மரியாதையாகவே போற்றி வருகிறார்கள். அதைக் கேட்டபோது எனக்கு என் உம்மாவின் நினைவு வந்தது.

1990 ஒக்டோபரில் வடபுலத்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, மன்னார்த் தீவிலிருந்து வள்ளங்களில் கற்பிட்டிக் கரை சேர்ந்தவர்களில் நாங்களும் இருந்தோம். கையில் எதுவும் இல்லை. அவ்வூர்ப் பெண்கள் சோறும் தேத்தண்ணியும் கொண்டுவந்து தந்தார்கள். அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி வழங்குவானாக! வாங்கிக் குடிக்கும்போதெல்லாம் உம்மா தலை குனிந்தே இருப்பார். சில வாரங்களில் ஒரு கிடுகுக் கொட்டில் கிடைத்தது. முதல் நாள் உதவிய ஒரு ராத்தா எங்களைப் பார்க்க வந்தார். உம்மா மூன்று கல் அடுப்பில் தண்ணீர் வைத்து, கழுவிய ஜாம் போத்தலில் வெறுந் தேத்தண்ணி ஊற்றி, ஒரு துண்டுப் பனங்கட்டியோடு நீட்டினார். அன்றுதான் உம்மா நிமிர்ந்து பேசியதைக் கண்டேன். வாங்கும் கையாக இருந்தது, கொடுக்கும் கையாகிவிட்டது.

போர் 2009இல் முடிந்த பின் ஊர் திரும்பினோம். உம்மா இப்போது இல்லை. பழைய அயலவர்கள், வேற்று மதத்தவர்கள், வாசலில் தயங்கி நின்றபோதும் முதலில் கேத்தலைத்தான் அடுப்பில் வைத்தேன். மனத்தாங்கலைப் பேசித் தீர்க்க நாளாகும். முதல் பேச்சைத் தொடங்க ஒரு கோப்பை போதும்.

சகோதரிகளே, விலை உயர்ந்த பேணி வீட்டில் இல்லையே என்று குறைப்படாதீர்கள். பிஸ்மில்லாஹ் சொல்லி, சுத்தமான கோப்பையில், மலர்ந்த முகத்தோடு கொடுங்கள். உங்கள் பெண்மக்களுக்கும் அதைப் பழக்குங்கள்.