மேலே ஒட்டின புள்ளி

என் அப்பா ஆம்பூரில் ஒரு டேனரியில் 32 வருஷம் செலக்ஷன் பார்த்தவர். தோலை மேஜையில் விரித்து, ஜன்னல் வெளிச்சத்தில் ஒருதரம் சாய்த்துப் பார்த்தால் போதும். இது உண்ணி கடித்த தடம், இது முள் கிழித்தது, இது கழுத்துச் சுருக்கம் என்று பிரித்து, என்ன ரகம் என்று சொல்லிவிடுவார். இரண்டு வருஷத்துக்கு முன் கண்ணில் புரை விழுந்து வேலையை விட்டார். ஆபரேஷன் என்று பேச்செடுத்தால், "இனிமே எதப் பாத்து செலக்ஷன் பண்ணப் போறேன்?" என்பார். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

என் மகள் பி.எஸ்ஸி. இயற்பியல், கடைசி வருஷம். பொங்கல் லீவில் வந்தவள், "தாத்தா, காவலூர் போலாம் வாங்க" என்று அவரையும் கிளப்பிவிட்டாள்.

வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் போய், ஜவ்வாது மலையில் ஏறினால் காவலூர். 1968-ல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி ஒன்றோடு வைணு பாப்பு அங்கே வேலையைத் தொடங்கினார். இன்று அங்கிருக்கும் பெரிய தொலைநோக்கியின் கண்ணாடி 2.34 மீட்டர் அகலம். 1986-ல் ராஜீவ் காந்தி வந்து அதற்கு பாப்புவின் பெயரைச் சூட்டினார். இவ்வளவு பக்கத்தில் இருந்தும் எனக்கு அதுதான் முதல் தடவை. (திருப்பதிக்கு எத்தனை முறை போயிருப்பேன் என்று கேட்காதீர்கள்.)

சனிக்கிழமை ராத்திரி, பொதுமக்களுக்குச் சின்னத் தொலைநோக்கியில் காட்டினார்கள். ஆண்ட்ரோமெடா கேலக்ஸி, 25 லட்சம் ஒளியாண்டு தூரம். நான் பார்த்தேன். விபூதி தொட்டுத் துடைத்த மாதிரி ஒரு வெள்ளைத் திட்டு, அவ்வளவுதான். அப்பா வெகுநேரம் குனிந்திருந்தார். பின்னால் வரிசை நின்றது. "ஒண்ணும் தெரியல" என்று இறங்கியவர், வீடு வரும்வரை வாயே திறக்கவில்லை. கூட்டிக்கொண்டு போனதே தப்போ என்று எனக்கு உறுத்தியது.

மறுநாள் ராத்திரி மகள் லேப்டாப்பைத் திறந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "தாத்தா, நேத்து யாருக்குமே முழுசாத் தெரியல. அம்மா பாத்தது நடுக் குமிழ் மட்டும்தான். சுத்தி இருக்கற தட்டு மங்கலா இருக்கும், கண்ணுக்கு எட்டாது. கேமராவுல ரொம்ப நேரம் வெளிச்சத்தச் சேத்தாதான் வரும்."

அவளுடைய கல்லூரி புராஜெக்ட்டே அதுதான். அமெரிக்காவில் நியூ மெக்சிகோவில் 2.5 மீட்டர் தொலைநோக்கி ஒன்று எடுத்த படங்கள், யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். அதில் ஒரு கேலக்ஸி. பெயர்கூடக் கிடையாது, நம்பர்தான். நடுவிலிருந்து வெளியே போகப்போக வெளிச்சம் எப்படிக் குறைகிறது என்று அளக்க வேண்டுமாம். நடுக் குமிழில் வெளிச்சம் சட்டென்று விழும். தட்டில் நிதானமாகக் குறையும். குமிழுக்கு ஒரு கணக்கு, தட்டுக்கு ஒரு கணக்கு போட்டு, இரண்டையும் படத்திலிருந்து கழித்துவிட்டால், பிரகாசத்தில் மறைந்திருந்ததெல்லாம் மேலே வரும். சுருள் கைகள், தூசிக் கோடுகள், சிலவற்றில் நடுவே குறுக்காக ஒரு கட்டை. நம் பால்வெளியின் நடுவிலும் அப்படி ஒரு கட்டை உண்டாம்.

"சாயம் போட்டுட்டா எல்லாத் தோலும் ஒண்ணுதான்" என்றார் அப்பா திடீரென்று. "வெட் ப்ளூவுல பாக்கணும். அப்பதான் உள்ள இருக்கறது தெரியும்."

"அதேதான் தாத்தா. ஆனா எனக்குக் கணக்கு ஒத்தே வரல. தட்டு ஒரு பக்கமா இழுக்குது."

அப்பா படத்தைப் பெரிசாக்கச் சொன்னார். லைட்டை அணைக்கச் சொன்னார். புரை குறைவாக இருந்த இடது கண்ணைத் திரைக்குக் கிட்டே கொண்டுபோய், தலையைச் சாய்த்துப் பார்த்தார். அந்தச் சாய்ப்பைப் பார்த்து இரண்டு வருஷம் ஆகிறது.

"இங்க ஒரு புள்ளி. இது தோலோட சேந்தது இல்ல பாப்பா. மேல ஒட்டினது."

மகள் பார்த்தாள். கேலக்ஸியின் ஓரத்தில் பளிச்சென்று ஒரு நட்சத்திரம். அது அந்தக் கேலக்ஸியைச் சேர்ந்ததே இல்லை. நம் பால்வெளியில், வெகு பக்கத்தில் இருப்பது. படத்தில் அதன்மேல் விழுந்து கிடக்கிறது. இந்த மாதிரி நட்சத்திரங்களை முதலிலேயே மறைத்துவிட்டுத்தான் அளக்க வேண்டுமாம். பத்துப் பன்னிரண்டை மறைத்தவள், தட்டோடு ஒட்டிக்கொண்டிருந்த இதை விட்டுவிட்டாள்.

மறைத்துவிட்டுத் திரும்பக் கணக்குப் போட்டாள். இழுப்பு போனது. கழித்த படத்தில் இரண்டு கைகள் லேசாக எழும்பி வந்தன.

"எப்படித் தாத்தா கண்டுபிடிச்சீங்க?"

"உள்ள இருக்கற வடுவுக்கு ஓரம் கலைஞ்சு இருக்கும். இதுக்கு இல்ல. வேற ஒண்ணு எடு."

பதினொன்றரை வரை இருவரும் பார்த்தார்கள். நான் இரண்டு முறை காபி போட்டேன். அவரால் எல்லாவற்றையும் பார்க்க முடியவில்லை. மங்கலான படங்கள் வந்தபோது கண்ணைக் கசக்கிக் கசக்கி நீர் வடிந்தது.

காலையில் பல் விளக்கிக்கொண்டே கேட்டார்: "அந்தக் கண் ஆபரேஷனுக்கு எத்தன நாளு ஆஸ்பத்திரியில இருக்கணும்?"