கிழிந்த காது

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வாட்ஸப்பில் 43 படங்கள் வரிசையாக வந்து விழுந்தன. எல்லாவற்றிலும் ஒரே நாய். வாசற்படியில் படுத்திருந்தது, தென்னை மூட்டில் மண்ணைப் பறித்தது, யாருடைய வளைகாப்பு ஆல்பத்திலோ வளையல் தட்டுக்குப் பின்னால் பாதி முகத்தை மட்டும் காட்டியது. கடைசியாக ஒரு குரல் பதிவு. "அண்ணே, இது எங்க வீட்டுக் கருப்பன். போன மாசம் செத்துப் போயிட்டான். அம்மா சரியாச் சாப்பிட மாட்டேங்குது. பெருசா ஒரு படம் வரைஞ்சு குடுங்க. இடது காது மட்டும் கிழிஞ்சிருக்கும், அதைச் சரி பண்ணிருங்க."

பேசியவர் ராஜபாளையம் பக்கத்துக்காரர். நாயும் அந்த ஊர் இனம்தான். பால் வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு, பொன்னிறக் கண். 2005இல் அஞ்சல் துறை நம் நாட்டு நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது அதில் இடம் பிடித்த இனம். இப்படி ஒரு வெள்ளைக்குக் கருப்பன் என்று எப்படிப் பெயர் வந்தது என்று கேட்டேன். வாங்கி வருகிற வழியிலேயே வண்டியிலிருந்து துள்ளி விழுந்து சேற்றில் புரண்ட குட்டியாம். குளிப்பாட்டுவதற்கு முன்பே பெயர் வைத்துவிட்டார்களாம்.

மதுரையில் உட்கார்ந்துகொண்டு டேப்லெட்டில் நாயும் பூனையும் வரைந்து கொடுப்பது என் பிழைப்பு. கல்யாண வீடுகளில் இதை விளக்கிச் சொல்வதற்குள் பந்தி முடிந்துவிடும். "அதெல்லாம் கம்ப்யூட்டரே போட்டுருமாமே?" என்று ஒரு சித்தப்பாவாவது கேட்பார். கம்ப்யூட்டர் எதையும் போடாது. டாஸ்மேனியாவில் ஒரு சின்ன நிறுவனம் 2011இல் கொண்டுவந்த புரொகிரியேட் என்ற செயலியில்தான் நான் வரைகிறேன். பேனாவை அழுத்தினால் கோடு தடிக்கும், தளர்த்தினால் மெலியும். தாளும் தூரிகையும் செய்கிற வேலைதான். கூடுதலாக இரண்டு வசதிகள். இரண்டு விரலால் திரையைத் தட்டினால் கடைசியாகப் போட்ட கோடு மறைந்துவிடும். அடுத்தது லேயர். கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒன்றில் கண், ஒன்றில் காது, ஒன்றில் மீசை என்று தனித்தனியாக வரையலாம். எதை வேண்டுமானாலும் மறைக்கலாம், மறுபடி கொண்டுவரலாம். இந்த வசதியால்தான் அந்த மாதம் நான் தப்பித்தேன்.

படம் வரையச் சொல்கிறவர்களிடம் முதலில் நான் படுகிற பாடு புகைப்படத்துக்குத்தான். வாட்ஸப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிப் போகும். ரோமமெல்லாம் கஞ்சி மாதிரி குழைந்திருக்கும். டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள் என்று கெஞ்சுவேன். பிரியத்தில் போனை மூக்கருகே கொண்டுபோய் எடுப்பார்கள். மூக்கு கத்தரிக்காய் அளவுக்கு வீங்கி, காதுகள் பின்னால் எங்கோ ஓடிப்போயிருக்கும். இரவில் ஃபிளாஷ் போட்டு எடுத்தால் கண் பச்சையாக எரியும். உயிரோடிருக்கிற நாய் என்றால் சொல்லிக்கொடுக்கலாம்: காலை வெயில் சாய்வாக விழும் திண்ணையில் நாயை உட்கார வையுங்கள், நீங்களும் தரையில் உட்காருங்கள், அதன் கண் மட்டத்துக்குப் போனை இறக்குங்கள், நாலடி தள்ளியிருந்து எடுங்கள். போய்ச் சேர்ந்த நாய்க்கு யாரிடம் போய்ச் சொல்வது? என்னிடம் வருகிற ஆர்டர்களில் பலவும் போய்ச் சேர்ந்தவைதான். இருக்கும்வரை யாருக்கும் படம் தோன்றுவதில்லை.

அதனால் ஒட்டுப்போட வேண்டியிருக்கும். கருப்பனுக்குத் தலையை வாசற்படிப் படத்திலிருந்து எடுத்தேன். நெஞ்சும் முன்னங்காலும் தென்னை மூட்டுப் படத்திலிருந்து. ஒன்றில் வெளிச்சம் வலப்பக்கம், மற்றதில் உச்சி வெயில். இரண்டையும் ஒரே வெயிலில் நிறுத்தியாக வேண்டும். 12க்கு 18 அங்குலச் சட்டத்துக்கு அச்சுத் தரமாக வேண்டுமென்றால் திரையில் 3600க்கு 5400 புள்ளிகள் வைக்கவேண்டும். படம் பெரிதாகப் பெரிதாக, கிடைக்கும் லேயர்களின் எண்ணிக்கை குறையும். சின்ன வீட்டில் பெரிய குடும்பம் நடத்துகிற சாமர்த்தியம் இங்கேயும் தேவைப்படும்.

வெள்ளை நாயை வரைவது தனி வித்தை. வெள்ளை என்று நினைத்து வெள்ளையைப் பூசினால் சுண்ணாம்புச் சுவர்தான் கிடைக்கும். முதலில் உடம்பு முழுவதும் அழுக்குச் சாம்பலைப் போட்டேன். வயிற்றின் அடியில் லேசாக நீலம். முன்னங்காலில் செம்மண் தரையிலிருந்து எழும்பி வந்த மெல்லிய செம்மை. வெயில் காதுக்குப் பின்னாலிருந்து வந்ததால் காது மடல் ரோஜா நிறத்தில் கசிந்து, உள்ளே நரம்பு ஓடுவது தெரிந்தது. அசல் வெள்ளையை மூன்றே இடத்தில் வைத்தேன்: மூக்கின் மேல்தண்டில், நெற்றி மேட்டில், தோளில். அந்த மூன்று இடத்தைப் பார்த்து மற்றதெல்லாம் தானாக வெளுத்துவிடும். மாடு பிடிக்கப் போகிறவர்கள் சுழி பார்ப்பதுபோல நானும் பார்ப்பேன். ரோமம் மூக்கிலிருந்து நெற்றிக்கு ஏறும், கன்னத்தில் வெளியே விரியும், நெஞ்சில் இரண்டு பக்கமும் மோதி ஒரு சுழியாக நிற்கும். அந்த ஓட்டத்தில் ஒரு கோடு எதிர்த்துப் போனாலும் நாய் பொம்மையாகிவிடும்.

கண்ணில் ஒளிப்புள்ளியைக் கடைசியாகத்தான் வைப்பேன். அய்யனார் கோயிலுக்கு மண் குதிரை செய்கிற வேளார்கள் எல்லா வேலையும் முடித்து, நாள் பார்த்துத்தான் கண் திறப்பார்கள். எனக்கு நாளும் இல்லை, நட்சத்திரமும் இல்லை. ஆனால் அந்த ஒரு பொட்டு வெள்ளையை வைக்கும்போது கை தானாக மூச்சைப் பிடித்துக்கொள்ளும். அதுவரை படம், அதற்குப் பிறகு அது நம்மைப் பார்க்கும்.

கிழிந்த காதைச் சரிசெய்வது இதற்கெல்லாம் முன்னால் ஒன்றுமே இல்லை. வலது காதை நகலெடுத்தேன், திருப்பினேன், இடப்பக்கம் பொருத்தினேன். வெளிச்சம் மாறிப் போனதால் நிழலை மட்டும் அரைமணி நேரம் திருத்தினேன். கிழிசல் இருந்த லேயரில் ஒரு டிக்கை எடுத்துவிட்டேன். மறைந்தது.

படத்தை அனுப்பியதும் மகன் கொண்டாடிவிட்டார். பத்துப் பதினைந்து கும்பிடு பொம்மைகள். மீதிப் பணமும் அப்போதே வந்தது. சாயங்காலம் மறுபடி அழைத்தார். குரலில் காலையில் இருந்த துள்ளல் இல்லை. "அண்ணே, அம்மாகிட்ட காமிச்சேன்" என்றார்.

"என்ன சொன்னாங்க?"

"'நல்லாத்தான் இருக்கு. யார் வீட்டு நாய்டா இது?'ன்னு கேட்டுச்சு."

வெள்ளைக்காகப் பட்ட பாடு, சுழி, ஒளிப்புள்ளி எல்லாம் அந்த ஒரு கேள்வியில் போயிற்று. படத்தைத் திறந்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அளவில் தப்பில்லை. நிறத்தில் தப்பில்லை. இரண்டு காதும் அம்சமாக, கண்காட்சியில் பரிசு வாங்க நிற்கிற நாயைப்போல நின்றது. அந்த அம்மாவின் வாசலில் பதினோரு வருடம் படுத்துக் கிடந்த நாய் அதில் இல்லை.

எங்கள் வீட்டில் தாத்தா காலத்து இசைத்தட்டுகள் சில கிடந்தன. அவற்றின் நடுவே, குழாய்க்குள் காதைக் கொடுத்து, தலையைச் சாய்த்து உட்கார்ந்திருக்கும் ஒரு நாய். நான் முதன்முதலில் பார்த்த நாய் ஓவியம் அதுதான். அது விளம்பரத்துக்காகக் கற்பனை செய்த நாய் என்றே வெகுநாள் நினைத்திருந்தேன். அது நிஜ நாய், பெயர் நிப்பர். பிரான்சிஸ் பராட் என்ற இங்கிலாந்து ஓவியர் வளர்த்தது. முதலில் அவருடைய அண்ணன் தம்பியில் ஒருவரிடம் இருந்து, அவர் இறந்தபின் இவரிடம் வந்து சேர்ந்தது. 1895இல் நிப்பர் இறந்தது. மூன்று வருடம் கழித்துத்தான் பராட் அதை வரைந்தார். போய்ச் சேர்ந்த நாயை வரைந்தவர் என்ற வகையில் அவர் எங்கள் தொழிலில் மூத்தவர்.

அந்தப் படத்தில் முதலில் இருந்த கருவி உருளை வைத்துப் பாடும் ஃபோனோகிராஃப். கிராமஃபோன் கம்பெனிக்காரர்கள், தங்கள் தட்டுக் கருவியை வரைந்து கொடுத்தால் வாங்கிக்கொள்கிறோம் என்றார்கள். பராட் பழைய கருவியின் மேலேயே புதியதைப் பூசினார். படத்துக்கு 50 பவுன், உரிமைக்கு 50 பவுன். பிற்பாடு அதே படத்தை அந்தக் கம்பெனிக்காக 24 முறை திரும்பத் திரும்ப வரைந்தார். திருத்தம் கேட்கிற வாடிக்கையாளர் அன்றும் இருந்தார். பணம் கொடுக்கிறவர் சொன்னதை ஓவியர் அன்றும் செய்தார். ஆனால் மாறியது கருவி மட்டும். நாயின் சாய்ந்த தலையில் யாரும் கை வைக்கவில்லை. நான் கருவியை விட்டுவிட்டு நாயில் கை வைத்திருந்தேன்.

நாலு வார்த்தை தட்டினால் படம் தருகிற இயந்திரங்கள் வந்துவிட்டன. வாடிக்கையாளர்கள் சிலர் அவற்றிலிருந்து எடுத்து, "இதுவே நல்லாயிருக்கே சார்?" என்று அனுப்புகிறார்கள். நல்லாத்தான் இருக்கும். அழகான நாய், பளபளப்பான ரோமம். ஒற்றைக் கண் பூனையைக் கொடுத்தால் மறு கண்ணை அதுவே திறந்துவைத்துவிடுகிறது. வளைந்த வாலை நிமிர்த்திவிடுகிறது. யாரும் கேட்காமலேயே காதை ஒட்டித் தருகிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருவதற்குப் பதில் கூச்சம் வருகிறது. நானும் அதைத்தானே செய்தேன்? அதுவும் ஆறு நாள் எடுத்துக்கொண்டு.

மறுநாள் அந்த அம்மாவிடமே பேசினேன். காது எப்படிக் கிழிந்தது என்று கேட்டேன். மகன் முன்பே ஒரு கதை சொல்லியிருந்தார்: தோப்புக்குள் இறங்கிய காட்டுப்பன்றியை எதிர்த்து நின்றபோது கிழிந்ததாம். மலையடிவாரத்தில் பன்றி இறங்குவது வழக்கம்தான். அந்த இன நாய்க்குப் பன்றியோடு மல்லுக்கட்டிய பேரும் உண்டு. நான் நம்பியிருந்தேன்.

"பன்னியுமில்ல, ஒண்ணுமில்ல தம்பி" என்றார் அந்த அம்மா. "அடுத்த தோப்புல கருவாடு காயப் போட்டிருந்தாக. திருடித் திங்கப் போயி முள்வேலியில மாட்டிக்கிட்டான். ரத்தமும் கையுமா வந்து நிக்கான், வாயில கருவாட்ட விடல. நாந்தான் மஞ்சப்பத்துப் போட்டேன். ஒரு வாரம் என் சேலையில எல்லாம் மஞ்சளா ஈஷி வச்சான்." அதன்பிறகு அரைமணி நேரம் பேசினார். அந்தக் காதைத்தான் தினமும் தடவுவாராம். கிழிசலின் ஓரம் விரலுக்குத் தடிப்பாகத் தட்டுப்படுமாம். இருட்டில் கை வைத்தாலும் கருப்பன் என்று தெரிந்துவிடுமாம்.

நம் நாட்டில் மிருகத்துக்கு உருவம் செதுக்குவது புதிதில்லை. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. எருமைகளைக் காக்கப் போய் மாண்ட ஒருவனுக்காக எடுத்தது. அவன் பக்கத்திலேயே அவனுடைய நாயும் நிற்கிறது. கள்ளனைக் கடித்துக் காவல் நின்ற செய்தியும் பொறித்திருக்கிறது. அதன் பெயரைக் கோவிவன் என்று படித்திருக்கிறார்கள். விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில், முகையூர் மேற்சேரிக்காகச் சண்டை போட்ட ஒரு சேவலுக்கே கல் இருக்கிறது. ஏறத்தாழ 1500 வருடப் பழமை. ஊர் கூடி, கல் தேர்ந்து, தச்சனிடம் சொல்லிச் செய்த வேலை. அதுவும் ஆர்டர்தான். ஆனால் கல்லில் ஏற வீரம் வேண்டும். கருவாடு திருடியதற்கு எந்த ஊரும் கல் எடுக்காது. மகன் பன்றிக் கதையைப் பிடித்துக்கொண்டதும் அதனால்தான் என்று தோன்றுகிறது. படமாகிற நாய்க்கு ஒரு பெருமை வேண்டாமா? அந்த அம்மாவுக்குப் பெருமை தேவைப்படவில்லை. விரலில் தட்டுப்படும் தடிப்பு தேவைப்பட்டது.

மறைத்துவைத்த லேயரில் மறுபடி டிக் போட்டேன். கிழிந்த காது வந்து உட்கார்ந்தது. ஓரத்தில் ஒரு மயிரிழை அளவுக்குத் தடிப்பைக் கூட்டினேன். அது எந்தப் புகைப்படத்திலும் இல்லை, அவர் விரலிலிருந்து வந்தது. இருபது நிமிட வேலை. காசு வாங்கவில்லை.

இப்போதெல்லாம் யாராவது படம் வேண்டுமென்று கேட்டால், புகைப்படம் கேட்பதற்கு முன்னால், "அதுகிட்ட என்ன கோளாறு?" என்று கேட்கிறேன். முதலில் திகைப்பார்கள். பிறகு ஆரம்பிப்பார்கள். மாறுகண், ஆடுகிற பல், இடி இடித்தால் கட்டிலடியில் போய் விடுகிற மூத்திரம் வரை. எழுதிக்கொள்வேன். வரைய முடிவது அதில் பாதிதான். ஆனாலும் அந்தப் பட்டியல் பக்கத்தில் இருந்தால் கை வழி தவறுவதில்லை.

படத்தைச் சட்டம் போட்டு அப்பாவின் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியதாக மகன் சொன்னார். ஆணியடித்து முடித்ததும், அப்பாவுக்குப் போடுவதுபோல இதற்கும் ஒரு சந்தன மாலை வாங்கிப் போடலாமா என்று அம்மாவைக் கேட்டிருக்கிறார்.

"மாலையா? போடாதடா" என்றாராம் அவர். "கடிச்சுக் கொதறிப் போட்டுருவான்."