தை மாதத்துக் குட்டி

நாய்க்குட்டி வாங்க எந்த மாதம் நல்லது என்று யார் கேட்டாலும் தை, மாசி என்றுதான் சொல்வேன். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும். வெயிலும் உண்ணித் தொல்லையும் இன்னும் ஏறியிருக்காது. முக்கியமாக, தீபாவளி வெடி முடிந்திருக்கும். பிறந்து 3 முதல் 14 வாரத்துக்குள் குட்டி மனதில் பதியும் பயம் வாழ்நாள் முழுக்க ஒட்டிக்கொள்ளக்கூடும். தெருநாய்க் குட்டிகளும் அந்தச் சமயம் நிறைய இருக்கும். தத்தெடுக்க முடிந்தால் எடுங்கள், அவையும் அருமையாக வளரும்.

மாதத்தைவிட வயது முக்கியம். 8 வாரம் ஆகாத குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்காதீர்கள், விற்பவர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் சரி. குட்டிகளைத் தாக்கும் பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் தங்கும். 6-8 வாரத்தில் தொடங்கும் தடுப்பூசியை 3, 4 வார இடைவெளியில் குறைந்தது 16 வாரம் வரை போட வேண்டும். அதுவரை தெருவில் இறக்கிவிடாமல், தோளில் தூக்கிப்போய் ஊரைக் காட்டுங்கள். பேருந்து ஹாரன், கோயில் மணி, குடை பிடித்தவர், சைக்கிள் எல்லாம் பழகட்டும்.

பகலில் வீட்டில் ஆள் இருக்கிறார்களா என்றும் பாருங்கள். கோடை விடுமுறையில் பிள்ளைகள் கேட்டார்கள் என்று வாங்கி, ஜூனில் பள்ளி திறந்ததும் மொட்டைமாடியில் கட்டிப்போடப்படும் குட்டிகளைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது.