அல்சேஷன் குட்டியும் இரண்டு காலண்டரும்

ஜெர்மன் ஷெப்பர்ட் குட்டி வாங்கப் போகிறேன் என்று எங்கள் ஊரில் யாரிடம் சொன்னாலும் இரண்டு யோசனை இலவசமாகக் கிடைக்கும். ஒன்று, "ஊசி எல்லாம் போட்டு முடிக்கிற வரைக்கும் வெளிய காலை வைக்க விடாதே, செத்துப் போயிடும்." இரண்டு, "வெளியாளு யாரையும் தொட விடாதே, அப்புறம் காவலுக்கு உதவாது." இரண்டையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால், குட்டியை நாலு மாதம் பூட்டி வை என்று அர்த்தம். முதல் யோசனை முக்கால்வாசி சரி. இரண்டாவது முழுக்கத் தப்பு. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு செமஸ்டர் ஆனது. அதனால் உங்களுக்கும் சொல்லி வைக்கிறேன்.

எங்கள் ஊர் பள்ளிப்பட்டு. திருவள்ளூர் மாவட்டத்தின் ஓரம். கொஞ்ச தூரம் போனால் ஆந்திரா. வீட்டை ஒட்டி அப்பாவின் தறிக் கொட்டகை. நூலும் மோட்டாரும் அங்கேதான் கிடக்கும் என்பதால் காவலுக்கு ஒரு நாய் வேண்டும் என்று அப்பா முடிவு செய்தார். பெரியவர்கள் இன்றைக்கும் இதை "அல்சேஷன்" என்றுதான் சொல்வார்கள். முதல் உலகப் போர் முடிந்த சமயத்தில் ஜெர்மன் என்ற பெயரே பிரிட்டனில் கசந்ததால் அங்கே வைத்த பெயர் அது. 1977-ல்தான் அந்த நாட்டு கென்னல் கிளப் பழைய பெயரைத் திரும்பச் சேர்த்தது. நம்ம ஊரில் மட்டும் அல்சேஷன் அப்படியே தங்கிவிட்டது.

குட்டிக்கு நான் வைத்த பெயர் சீசர். பாட்டி வாயில் அது "சேகர்" ஆகிவிட்டது. எங்கள் தெருவில் அந்தப் பெயரில் நிஜமாகவே ஒரு மாமா இருக்கிறார். "சேகரு, செருப்பைக் கடிக்காதடா" என்று பாட்டி கத்தும்போதெல்லாம் அவர் ஒரு மாதிரி பார்ப்பார். சரி, அது கிடக்கட்டும்.

குட்டி வந்தது 56-ஆம் நாளில், அதாவது சரியாக எட்டு வாரம். ஒருவர் முப்பது நாள் குட்டி தருகிறேன், "சின்னதா எடுத்தாத்தான் ஒட்டும்" என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். 2017-ல் மத்திய அரசு கொண்டுவந்த நாய் வளர்ப்பு, விற்பனை விதிகளின்படி எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. சட்டத்தை விடுங்கள், காரணம் அதைவிட முக்கியம். கூடப்பிறந்த குட்டிகளோடு உருண்டு புரளும்போதுதான் எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்று ஒரு குட்டி கற்றுக்கொள்கிறது. சீக்கிரம் பிரித்துவிட்டால் அந்தப் பாடத்தை நம் கை விரல்தான் நடத்த வேண்டும்.

இப்போது முதல் காலண்டர். இது பார்வோ வைரஸின் காலண்டர்.

1970-களின் கடைசியில்தான் இந்த நோய் உலகத்துக்கே தெரிய வந்தது. 1978-க்குப் பிறகு கண்டம் விட்டுக் கண்டம் பரவியது. குட்டி சோர்ந்து படுக்கும், வாந்தி எடுக்கும், நாற்றத்தோடு ரத்தமாகப் பேதி போகும். சிகிச்சை தாமதமானால் இரண்டு மூன்று நாளில் கதை முடிந்துவிடும். எங்கள் பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் குட்டி வாங்கிய இரண்டாவது வாரமே இப்படித்தான் போனது. அந்த வீட்டுச் சின்னப் பெண் இன்னும் எங்கள் வீட்டுப் பக்கம் வந்தால் சீசரைத் தொடமாட்டாள். தூர நின்று பார்ப்பாள், அவ்வளவுதான். இந்த வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தெரு நாய் அசிங்கம் செய்த இடத்தை மழை கழுவிவிட்டாலும் அது போகாது. பிளீச்சிங் கரைசலுக்குத்தான் சாகும்.

அப்படியென்றால் ஊசியை ஒரே தடவையில் போட்டு முடித்துவிட வேண்டியதுதானே? அங்கேதான் சிக்கல். தாயின் சீம்பாலில் இருந்து குட்டிக்கு எதிர்ப்புச் சக்தி வருகிறது. அது குட்டியைக் காப்பாற்றும். ஆனால் அதே சக்தி தடுப்பூசியையும் வேலை செய்ய விடாது. ஒரு குட்டிக்கு அது ஆறு வாரத்தில் தீரும், இன்னொன்றுக்குப் பதினாலு வாரம் கூட ஆகும். எந்தக் குட்டிக்கு எப்போது என்று வெளியில் இருந்து பார்த்துச் சொல்ல முடியாது. அதனால்தான் மூன்று நாலு வாரத்துக்கு ஒரு தடவை என்று 16 வாரம் வரை திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். முதல் ஊசியோடு நிறுத்தி "போட்டாச்சு" என்று சொல்பவர்கள்தான் அதிகம். அந்த இடத்தில்தான் பல குட்டிகள் போய்விடுகின்றன. ஜெர்மன் ஷெப்பர்டுக்கு இந்த நோய் கொஞ்சம் கடுமையாகவே வரும் என்கிறார்கள் மருத்துவர்கள். கூடவே மூன்று மாதத்தில் வெறிநாய்க்கடி ஊசி. அதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் தள்ளிப் போடாதீர்கள். மனிதனுக்கு வரும் ரேபிஸில் 99 சதவீதம் நாய் மூலம்தான், அறிகுறி வந்துவிட்டால் பிழைப்பது இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆக, முதல் காலண்டர் சொல்வது: 16 வாரம் வரை ஜாக்கிரதை.

இரண்டாவது காலண்டர் குட்டியின் மூளைக்குள் இருக்கிறது. ஸ்காட், ஃபுல்லர் என்று இரண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் நாய்க்குட்டிகளை வருடக்கணக்கில் கவனித்து 1965-ல் புத்தகமாகப் போட்டார்கள். பிறந்த மூன்றாவது வாரத்தில் இருந்து கிட்டத்தட்ட பன்னிரண்டாவது வாரம் வரை குட்டிக்கு ஒரு கதவு திறந்திருக்கிறது. அந்தச் சமயத்தில் எதைப் பார்க்கிறதோ, கேட்கிறதோ, அதெல்லாம் "இது உலகத்தில் சகஜம்" என்று பதிந்துவிடும். 1961-ல் வந்த இன்னொரு ஆய்வில் மனிதர்களே பழகாமல் 14 வாரம் வளர்ந்த குட்டிகள் அதற்கப்புறம் எவ்வளவு முயன்றும் மனிதர்களிடம் சரியாக ஒட்டவே இல்லை. பழக்கம் இல்லாத நாய்க்குப் பயம் வரும். பயந்த பொமரேனியன் கட்டிலுக்கு அடியில் ஓடும். 35 கிலோ ஜெர்மன் ஷெப்பர்ட் பயந்தால் என்ன செய்யும்? கடிக்கும். பெரும்பாலும் ஏதாவது ஒரு குழந்தையை.

இப்போது இரண்டு காலண்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பழகும் கதவு பன்னிரண்டு, பதினாலு வாரத்தில் மூடுகிறது. ஊசி முடிவது பதினாறு வாரத்தில். நான் பி.காம். படிக்கிறவன், எனக்கு இது இப்படித்தான் தெரிந்தது: கடன் தவணை 14-ஆம் தேதி, சம்பளம் வருவது 16-ஆம் தேதி. வருமானம் இருந்தும் தவணை தவறிப் போகிற கேஸ். சம்பளம் வரட்டும் என்று காத்திருந்தால் வட்டி ஏறிவிடும். அந்த வட்டியை நாய் பத்து வருஷம் கட்டும், நாமும் கட்டுவோம்.

வழி இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் விலங்குகளின் நடத்தையைக் கவனிக்கும் கால்நடை மருத்துவர்கள் சங்கம் 2008-லேயே சொல்லிவிட்டது: முதல் ஊசி போட்டு ஏழு நாள் ஆனதும், சுத்தமான இடத்தில், ஊசி போட்ட நாய்களோடு பழக்க ஆரம்பிக்கலாம், எல்லா ஊசியும் முடியக் காத்திருக்க வேண்டாம் என்று. பள்ளிப்பட்டில் நாய்க்குட்டிக்கு வகுப்பு எங்கே நடக்கிறது? ஆனால் அதன் சாரம் சுலபம். கால் தரையில் படக் கூடாது, கண்ணும் காதும் மூக்கும் ஊரெல்லாம் சுற்ற வேண்டும். அதாவது, தூக்கிக்கொண்டு போ!

முதல் இரண்டு வாரம் கட்டைப் பையில் வைத்துத் தூக்கினேன். பஸ் ஸ்டாண்டில் பத்து நிமிடம் நிற்பேன். திருத்தணி பஸ் ஹாரன் அடிக்கும், சீசர் பைக்குள் முகத்தைப் புதைக்கும். நாலாவது நாள் புதைக்கவில்லை. அப்புறம் எடை கூடிப் பை தாங்கவில்லை. அப்பாவின் டிவிஎஸ் எக்ஸெல் முன்னால் தக்காளி கிரேட் ஒன்றை வைத்துக் கட்டி, அதில் சாக்கு போட்டு உட்கார வைத்தேன். சந்தை, ஸ்கூல் விடுகிற நேரம், கொசஸ்தலை ஆற்றுப் பாலம், திருவிழாவில் மேளம் (தூரத்தில் இருந்து). ஹெல்மெட் போட்டவர், குடை பிடித்தவர், தாடி வைத்தவர், கைத்தடி ஊன்றிய தாத்தா, சைக்கிள் ஓட்டும் பையன் என்று ஒரு பழைய கணக்கு நோட்டில் எழுதி டிக் அடித்துக்கொண்டே வந்தேன். பார்த்தவர்கள் சிரித்தார்கள். "என்னப்பா, சாமி ஊர்வலமா?" என்று ஒருவர் கேட்டார். கேட்கட்டுமே.

ஒரு விஷயம் முக்கியம். குட்டி பயந்தால் இழுத்துக்கொண்டு கிட்டே போகக் கூடாது. தூரம் போய் நின்று, ஒரு துண்டு அவித்த கோழி கொடுத்து, அதுவாகப் பார்க்கும் வரை காத்திருக்க வேண்டும். பயத்தோடு திணித்தால் பதிவதும் பயம்தான்.

அப்பாவுக்கு இதில் உடன்பாடே இல்லை. "ஊரெல்லாம் வாலாட்டுற நாய் எதுக்குடா காவலுக்கு? கேட்டுக்குப் பக்கத்துல சங்கிலில கட்டு, தன்னால முறைக்கும்" என்றார். இந்த நாயின் வரலாறே அதற்குப் பதில். 1899-ல் மாக்ஸ் வான் ஸ்டெஃபானிட்ஸ் என்ற ராணுவ அதிகாரி ஜெர்மனியில் ஹோராண்ட் என்ற நாயை வைத்து இந்த இனத்துக்குக் கணக்கு ஆரம்பித்தார். அவர் தேடியது சங்கிலி நாயை அல்ல. வேலி இல்லாத வயல் ஓரத்தில் ஆடுகள் பயிரில் வாய் வைக்காதபடி நாள் முழுக்க வேலியாக நடந்துகொண்டே இருக்கும் நாயை. நடமாடும் வேலியைக் கம்பத்தில் கட்டினால் அது பைத்தியம் பிடித்துக் குரைக்கத்தான் செய்யும். எல்லாரையும் பார்த்துக் குரைக்கிற நாய் குரைத்தால் யார் எழுந்து பார்ப்பார்கள்? பேங்க் கேஷியர் நாள் முழுக்க நல்ல நோட்டை எண்ணுகிறார், அதனால்தான் கள்ள நோட்டு விரலில் பட்டதும் தெரிகிறது. நல்லதைப் பழகாத கைக்குக் கள்ளமும் தெரியாது.

பழக்குவதில் எங்கள் ஊருக்கே உரிய இன்னொரு தமாஷ் உண்டு. 1960-ல்தான் திருத்தணி வட்டாரம் ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்து இந்தப் பக்கம் வந்தது. இன்றைக்கும் பாதித் தெரு தெலுங்கு பேசும். நான் "வா" என்பேன், தறி ஓட்டும் அண்ணன் "ரா" என்பார், பாட்டி இரண்டும் கலந்து திட்டுவார். குட்டி யார் முகத்தைப் பார்ப்பது என்று தெரியாமல் உட்கார்ந்துவிடும். கடைசியில் ஒரு பஞ்சாயத்து வைத்து, கூப்பிட "ரா", உட்கார "உட்கார்" என்று முடிவானது. எந்த மொழி என்பது நாய்க்குப் பொருட்டே இல்லை. ஒரு வேலைக்கு ஒரு சொல், அதையே எல்லாரும் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

நண்பர்கள் அடிக்கடி கேட்கிற இரண்டு மூன்று விஷயங்கள். காது நிற்கவில்லை என்று கால்சியம் டானிக் ஊற்றாதீர்கள். பல் விழுந்து முளைக்கிற நாலு முதல் ஆறு மாதத்தில் காது தானாக நிற்கும், நடுவில் ஒரு காது விழுந்து எழுந்தாலும் பயப்பட வேண்டாம். பெரிய இனக் குட்டிகளுக்குத் தேவைக்கு மேல் உள்ளே போன கால்சியத்தைத் தடுக்கத் தெரியாது, எலும்புதான் கெடும். ஒரு வயது வரை மாடிப்படி ஏற்றி இறக்குவது, மொபெட்டோடு ஓட விடுவது வேண்டாம், இடுப்பு மூட்டு இந்த இனத்தின் பலவீனம். எங்கள் பக்கம் கோடையில் 40 டிகிரியைத் தாண்டும், நடையைக் காலை ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள். உடம்பு சரியில்லை என்றால் நம்ம மாட்டாஸ்பத்திரி டாக்டரிடமே போகலாம், மாடு மட்டும்தான் பார்ப்பார் என்று நினைக்காதீர்கள். பெரிய பிரச்சினை என்றால் சென்னை வேப்பேரி, 1903-ல் ஆரம்பித்த கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரி.

சீசருக்கு இப்போது எட்டு மாதம். மூன்று ஊசியும் வெறிநாய்க்கடி ஊசியும் முடிந்தது. பகலில் கொட்டகைக்கு நூல் எடுக்க வருபவர்களைப் பார்த்து வாலைக் கூட அதிகம் ஆட்டாது, ஒரு தடவை மோந்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்ளும். போன மாதம் ஒரு ராத்திரி திடீரென்று வேறு மாதிரி குரைத்தது. அப்பாதான் முதலில் எழுந்து ஓடினார். பார்த்தால் யாரோ ஒருவர் வீட்டு மாடு கயிறை அறுத்துக்கொண்டு தறிக்குப் பக்கத்தில் நின்று பாவை மென்றுகொண்டிருந்தது. திருடன் இல்லைதான். ஆனால் மறுநாள் காலையில் அப்பா சங்கிலியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டார். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அதனால் குட்டி வாங்குகிற எண்ணம் இருந்தால் குட்டியின் விலையை மட்டும் கணக்குப் போடாதீர்கள். 56-ஆம் நாளில் இருந்து 112-ஆம் நாள் வரை உங்களிடம் தினமும் ஒரு மணி நேரமும், தூக்கிக்கொண்டு நடக்க இரண்டு கையும் இருக்கிறதா என்று பாருங்கள். பரீட்சை நேரம் என்றால் லீவு வரட்டும், அப்புறம் வாங்குங்கள். குட்டிகள் அப்போதும் கிடைக்கும். அந்த எட்டு வாரம்தான் திரும்பக் கிடைக்காது.