இரண்டு தழை தூரம்

கள்ளக்குறிச்சிப் பக்கம் கோமுகி அணையிலிருந்து மலைமேல் இருக்கும் வெள்ளிமலை வரைக்கும் வரைபடத்தில் நூல் பிடித்து அளந்துகொண்டிருக்கிறேன். தையல் நூலை நனைத்து, ரோடு வளைகிற இடத்திலெல்லாம் நகத்தால் அழுத்திப் படிய வைக்க வேண்டும். சர்வே ஆஃப் இந்தியா தாளில் இரண்டு சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டர். தார் ரோட்டு தூரத்தைக் கைப்பேசியே சொல்லிவிடும். எனக்கு வேண்டியவை சேராப்பட்டுப் பக்கமும் இன்னாடு பக்கமும் துண்டு துண்டான சிவப்புக் கோடுகளாகக் கிடக்கிற வண்டித்தடங்கள். தை பிறந்ததும் சைக்கிளில் போகப்போகிறேன்.

சரளையில் சைக்கிள் ஓட்டும் ஆசை இன்று உலகம் முழுக்கப் பரவிவிட்டது. அமெரிக்காவில் கன்சாஸ் மாநிலத்து எம்போரியா ஊரில் 2006இலிருந்து இதற்கென்றே 200 மைல் பந்தயம் நடக்கிறது. அந்த வண்டிகளுக்கு டயர் 40 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ அகலம் இருக்கும். காற்றைக் கொஞ்சம் குறைத்து அடித்தால் கல் உறுத்தாது. சைக்கிள் கடையில் இதைக் கேட்டுக்கொண்டிருந்தபோதே என் மனம் அப்பாவிடம் போய்விட்டது.

அப்பா கச்சிராயப்பாளையத்திலிருந்து மலைக்கு வியாபாரம் போனவர். போகும்போது உப்பு, கருவாடு, மிளகாய், தீப்பெட்டி. வரும்போது கடுக்காய், புளி, சில நாள் தேன். ஏற்றம் முழுக்கத் தள்ளிக்கொண்டுதான் போவார். கஷ்டம் இறக்கத்தில்தான். கேரியரில் மூட்டை, கீழே கப்பிக்கல், ஒவ்வொரு வளைவிலும் பள்ளம். பிரேக் கட்டை சூடேறித் தேய்ந்து பிடிக்காமல் போகும். அதனால் இறங்குவதற்கு முன் தழை அடர்ந்த கிளையாகப் பார்த்து ஒன்று வெட்டி, கேரியரோடு கயிற்றால் கட்டி, தரையில் இழுபட விடுவார். கிளை இழுக்க இழுக்க வண்டி அடங்கி வரும்.

சாயங்காலம் நானும் தங்கையும் ஊர் எல்லையில் நிற்போம். முதலில் சரசரவென்று சத்தம் கேட்கும், பிறகு புழுதி, அதற்குப் பிறகுதான் அப்பா தெரிவார். கசங்கிய பச்சைத் தழையின் வாசனையும் புழுதி வாசனையும் சேர்ந்து அவர் சட்டையில் இருக்கும். நாங்கள் வரத் தாமதமான நாளில் ரோட்டைப் பார்த்தாலே போதும். டயர் தடத்தை அழித்துக்கொண்டு, துடைப்பத்தால் பெருக்கியதுபோல் ஒரு முழ அகலக் கோடு வீட்டு வாசல்வரை போயிருக்கும். மிச்சமிருக்கும் நாலு இலையை ஆடு தின்னும். குச்சி அடுப்புக்கு.

"மலை எவ்வளவு தூரம்ப்பா?" என்று ஒருமுறை கேட்டேன். "எறங்க ரெண்டு தழை" என்றார். ஒரு கிளை பாதி வழியில் உதிர்ந்து வெறும் குச்சியாகிவிடும். ஒரு புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தி இன்னொன்று கட்டுவாராம். நாழிகை வழி என்று பழைய காலத்தில் தூரத்தைச் சொன்னார்கள். நாழிகை 24 நிமிடம். அந்த நேரத்தில் நடக்கிற தூரம் ஒரு நாழிகை வழி. நடக்கிறவனின் காலிலிருந்து பிறந்த அளவு அது. அப்பாவின் அளவு இறங்குகிறவனின் பயத்திலிருந்து பிறந்தது. இந்த நூலைவிட அதுதான் அந்த மலையைச் சரியாக அளந்தது.

இப்போது அப்படிக் கிளை வெட்ட முடியாது, வெட்டவும் கூடாது. காப்புக்காட்டுத் தடங்களுக்கு வனச்சரக அலுவலகத்தில் அனுமதி கேட்க வேண்டும். அதற்கு முன்னால், மேலே சாமை போடும் ஒருவருக்குப் போன் செய்து, நான் குறித்து வைத்திருந்த ஒரு தடத்தைப் பற்றி விசாரித்தேன்.

"அந்த வழியா எதுக்குங்க வரீங்க? மழ பேஞ்சா நாங்களே போக மாட்டோம். புள்ளத்தாச்சிய கட்டில்ல வச்சித் தூக்கியாந்த வழிங்க அது."

எனக்குப் பேச்சு வரவில்லை. 1976 வரைக்கும் மூன்று ஜாகீர்தார்கள் கையில் இருந்த மலை இது. சர்க்கார் ரோடு மெதுவாகத்தான் மேலே ஏறியது. 2024இல் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன பிறகுதான், சென்னை உயர் நீதிமன்றம் இந்த மலை மக்களின் நிலையைத் தானாகவே வழக்காக எடுத்தது. தார் போடாத பாதையை அழகு என்று தேடிப் போகிறேன். அங்கே இருப்பவர்களுக்கு அந்தத் தார் உயிர் விஷயம். அது சீக்கிரம் வர வேண்டும் என்று மனதாரச் சொல்கிறேன்.

"தார் போட்டப்புறம் வாங்களேன்" என்றார். "அப்பவும் வரேங்க" என்றேன்.

அப்பா போய்ப் பதினோரு வருஷமாகிறது. அந்தப் புளியமரம் எந்த வளைவில் என்று அவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. கச்சிராயப்பாளையத்தில் அவரோடு மலைக்குப் போன ஒருவர் இன்னும் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை தாளை எடுத்துக்கொண்டு போய் அவரிடம் காட்டப்போகிறேன். அணைக்கு ஒன்று, வெள்ளிமலைக்கு ஒன்று என்று நூலில் மைப்புள்ளி வைத்தாகிவிட்டது. நடுவில் ஒன்று பாக்கி.